தண்ணி எண்டு சொல்லு

2022 தை மாதம், ஒரு கீபோர்ட் பாடுகிற வீடியோ ஒன்று பார்த்தேன். வாசிக்கிற ஆள் பாடவில்லை. கீபோர்ட்தான் பாடியது. அவர் ஒரு கட்டையை அமத்த ஒரு அசை வந்தது, அடுத்த கட்டையை அமத்த அடுத்த அசை. அப்படியே ஒரு முழு இங்கிலீஷ் வரி. மூன்று கட்டைகளைச் சேர்த்து அமத்தினால் மூன்று பேர் நின்று பாடுவது போல இருந்தது. கம்பஸில் வைஃபை நல்லா இழுக்கிற ஒரு மதில் இருக்கிறது, அதில் இருந்துகொண்டு நாலு தரம் பார்த்தேன். விரிவுரை ஒன்று தவறிப்போனது.

அந்த மாதம்தான் அது வெளியில வந்திருந்தது. காசியோ சி.ரி.-எஸ் 1000 வி. எங்கட முறையில் எழுதினால் பெயர் ‘சிரி’ என்று தொடங்கும். இதை முதலில் கவனித்தது நான் இல்லை, அம்மம்மா. “பேரே சிரிக்கச் சொல்லுது, உது நல்ல சாமானோ?” என்று கேட்டவ. அது பிறகு நடந்த கதை.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று சொல்ல வேணும். நான் கலைப்பீடத்தில் மொழியியல் படிக்கிறேன். ஒலியன், அசை, நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று படம் கீறிக் கீறிப் படிக்கிற பாடம். வீட்டில் ஒரு பழைய கீபோர்ட் இருந்தது. வெளிநாடு போன பக்கத்து வீட்டு அண்ணா விட்டுவிட்டுப் போனது, அஞ்சு கட்டை வேலை செய்யாது. அந்த அஞ்சு கட்டையும் வராத பாட்டுகளாகப் பார்த்து வாசித்துப் பழகினேன். படிக்கிற பாடமும் பிடிச்ச விளையாட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறதைக் கண்டால் ஆருக்கும் ஆசை வரும்தானே.

விலை அமெரிக்கக் காசில் 450 டொலர் அளவு. அந்த நேரம் டொலர் 200 ரூபாய் சொச்சம். கணக்குப் பார்த்தால் 90,000. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிச் சேர்த்த 62,000 என்னிடம் இருந்தது. இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடிச்சால் சரி என்று நினைத்தேன்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்குனியில் ரூபாய் விழத் தொடங்கியது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. வைகாசியில் டொலர் 360. அதே பெட்டி 162,000. அந்த நேரம் எங்களுக்கு மகாபொல மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் தையில் அது 18 மாத மகாபொல, வைகாசியில் 32 மாதத்துக்கும் மேல. நான் ஒரு அடி வைக்க அது இரண்டு அடி தள்ளிப் போனது.

அதோட வெட்கமும். அம்மா மண்ணெண்ணெய்க்கு விடிய நாலு மணிக்குப் போய் வரிசையில் நிற்கிறா. நான் போனில் கீபோர்ட் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு நாள் அம்மாவுக்கு வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

“இது தமிழ் பாடுமோ?”

“இல்லை. இங்கிலீசும் யப்பான் மொழியும்தான்.”

“பிறகென்னத்துக்கு?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆனால் அதே அம்மாதான் பிறகு சீட்டுக்காசில் மிச்சத்தைப் போட்டவ. ரொறன்ரோவில் இருக்கிற மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆவணியில் அம்மம்மாவைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் அம்மாவே அவரிடம் கதைத்திருக்கிறா. மாமா அங்கே வாங்கி வருவது, நாங்கள் இங்கே ரூபாயில் குடுப்பது, அந்தக் காசில் அம்மம்மா வீட்டுக் கூரை வேலை பார்ப்பது. அதுதான் ஒழுங்கு. மாமா டொலருக்கு 200 ரூபாய்க் கணக்குத்தான் பார்த்தார். “360க்குக் கணக்குப் பார்க்க நான் என்ன வங்கியோ?” என்றார்.

*

பெட்டி கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, பக்கத்து சீற்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மாமா வந்து சேர்ந்தார். வந்த அன்று பின்னேரம் கரண்ட் போனது. அது ஒரு பிரச்சினையே இல்லை. இது பென்ரோர்ச் பற்றறி ஆறு போட்டாலும் வேலை செய்யும். நிறை 4.7 கிலோதான். தூக்கிக்கொண்டு போய் அம்மம்மா வீட்டு விறாந்தையில் வைத்தேன். அம்மம்மா சாய்மனைக் கதிரையில், மாமா படியில், அம்மா அரிக்கன் லாம்போட.

வாங்க நினைக்கிற ஆக்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லுகிறேன். 61 கட்டைகள். மெல்ல அமத்தினால் மெல்லிய சத்தம், அழுத்தி அமத்தினால் பெரிய சத்தம். பியானோவின் பாரம் கட்டையில் இருக்காது, அதை எதிர்பார்க்கக் கூடாது. 800 ஒலிகள் இருக்கின்றன. பியானோவும் வயலினும் எனக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு நல்லா இருக்கு. இதெல்லாம் வேற கீபோர்ட்டிலும் கிடைக்கும். இதில் மட்டும் கிடைப்பது பாட்டு. 100 இங்கிலீஷ் வரிகள் உள்ளேயே இருக்கின்றன. அவற்றை 22 விதமான குரல்களில் பாடவைக்கலாம். தனிக்குரல், கூட்டுக்குரல், ரோபோ போல ஒன்று, காற்றுப் போல ஒன்று. ஒரு கட்டைக்கு ஒரு அசை என்றும் பாடவைக்கலாம், கட்டையை அமத்திப் பிடித்தால் முழு வரியும் தாளத்துக்கு ஓடுகிற மாதிரியும் வைக்கலாம்.

மனிசர் மெசினைப் பாடவைக்கப் பார்ப்பது புதுக் கதை இல்லை. 1961இலேயே அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் ஒரு ஐ.பி.எம். கணினியைப் பாடவைத்திருக்கிறார்கள். 2004இல் யமஹாவின் வோக்கலொய்ட் வந்த பிறகு கணினியில் வரியையும் சுரத்தையும் எழுதிப் பாடவைப்பது வழமையாகிவிட்டது. இதில் என்னைப் பிடித்தது விரல்தான். எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. விரல் போகிற நேரம் குரலும் போகும்.

எங்கட சொந்த வரியைப் போட, போனில் லிரிக் கிரியேற்றர் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் இங்கிலீஷ் எழுத்தில் சொல்லை அடிக்க, அது அசை அசையாகப் பிரிக்கும். ஒவ்வொரு அசைக்குள்ளும் இருக்கிற ஒலியன்களைத் திறந்து மாற்றவும் விடும். பிறகு வயரால் கீபோர்ட்டுக்கு அனுப்ப வேணும். ஒலியன்களைத் திறந்து மாற்றலாம்! மொழியியல் படிக்கிற பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ. தமிழ் இல்லை என்பது வாங்க முதலே தெரியும். இங்கிலீஷ் ஒலிகளை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

முதல் சொல் ‘அம்மா’. அடித்தேன், அனுப்பினேன், அமத்தினேன். “அமா” என்றது. அம்மா “ஆரடி அது?” என்று கேட்டா.

காரணம் சின்னன். இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தாலும் ஒரு தரம்தான் ஒலிக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. மெய்யை இரட்டித்தால் பொருளே மாறும். படு வேற, பட்டு வேற. மெசினுக்கு அந்த நீளம் தெரியாது. அதனால் ‘அம்’ ஒரு அசை, ‘மா’ இன்னொரு அசை என்று பிரித்து, ம் என்ற ஒலியை இரண்டு பக்கமும் வைத்தேன். இப்போது சரி. “அம்மா” என்றது. அம்மா சிரித்தா. விறாந்தையில் எல்லாருக்கும் உசார் வந்துவிட்டது.

அம்மம்மா கேட்டா, “என்னையும் ஏதும் கேக்கச் சொல்லு, தண்ணி வேணுமோ எண்டு கேக்கட்டும்.”

‘தண்ணி’ அடித்தேன். “தனி” என்றது. எல்லாரும் சிரிப்பு. பிரித்து அடித்தேன். இப்போது “தன்னி” என்றது. அதுக்கு மேல் போகவில்லை. ண என்ற ஒலிக்கு நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்தில் தொட வேணும். இங்கிலீஷில் அந்த ஒலியே இல்லை. இருக்கிற ஒலியன்களில் எதைப் போட்டாலும் ன தான் வரும். தொடக்கத்துத் த கூடச் சரியில்லை, பல்லுக்கு நடுவால காற்றுப் போகிற த.

“தன்னி. தன்னி. தன்னி.” ஒவ்வொரு கட்டையாக அமத்தினேன். அம்மம்மா கண்ணில தண்ணி வரச் சிரித்தா. அம்மாவும் சிரித்தா. நானும்.

மாமா சிரிக்கவில்லை. படியில் இருந்தபடியே கீபோர்ட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உது எங்கட சின்னவள் கதைக்கிற மாதிரியே இருக்கு.”

*

சின்னவள் மாமாவின் மகள். எனக்கு மச்சாள். ரொறன்ரோவில் பிறந்தவள், இப்ப 14 வயது.

மாமா கோவத்தில் சொல்லவில்லை. சும்மா சொன்னார். பிறகு அதே சும்மா குரலில், “முந்திக் கதைச்சவள். இப்ப ஒரு சொல்லும் கதைக்கிறேல்ல. அண்டைக்கு ஃபோனில நீங்கள் எல்லாரும் சிரிச்ச பிறகு விட்டவள்” என்றார்.

எனக்கு எந்த நாள் என்றே முதலில் நினைவு வரவில்லை. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டா. எனக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது.

2017. நான் ஏ.எல். படிக்கிற நேரம். வீடியோ கோல். அவளுக்கு ஒன்பது வயது. திரையில் முகத்தை நல்லா கிட்டக் கொண்டுவந்து, பழகிவைச்ச வசனம் ஒன்றைச் சொன்னாள். “அம்மம்மா, தன்னி குடிச்சீங்களா?” நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அன்பாகத்தான் சிரித்தோம் என்று இப்பவும் சொல்லலாம். ஆனால் நான் அதோட விடவில்லை. “தன்னி இல்லையடி, தண்ணி. தண்ணி எண்டு சொல்லு” என்றேன். சொன்னாள், தன்னி. “திருப்பிச் சொல்லு.” தன்னி. மூன்றாம் தரமும் கேட்டேன், பக்கத்தில் இருந்த சித்தியின் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் சிரித்தாள் என்றுதான் எனக்கு நினைவு. பிறகு அவள் கோலுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் இங்கிலீஷ். மாமா நடுவில் இருந்து மொழிபெயர்ப்பார். அம்மம்மா “பிள்ளைக்குப் படிப்புக் கூடிப்போச்சு” என்று சொல்லுவா.

அன்று இரவு கரண்ட் வந்த பிறகும் நான் கீபோர்ட்டைத் தொடவில்லை.

ஒரு விஷயம் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பின்னேரம் மெசினுக்கு ‘தண்ணி’ சொல்லிக் குடுக்க நான் எவ்வளவு நேரம் செலவழித்தேன்? முக்கால் மணித்தியாலம். ஏன் வரவில்லை, நாக்கு எங்கே இருக்க வேணும், எந்த ஒலி அதுக்குக் கிட்ட, எங்கே பிரித்தால் சரி வரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிழை விட்டது மெசின் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிடம் அந்த ஒலி இல்லை, அவ்வளவுதான் என்று விளங்கியது. ஒன்பது வயதுப் பிள்ளையிடமும் அந்த ஒலி அவ்வளவாக இருக்கவில்லைதான். நாள் முழுக்க இங்கிலீஷ் கேட்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒருதரும் ண சொல்லாத ஊரில் வளருகிற பிள்ளை. அவளுக்கு நான் குடுத்தது மூன்று தரமும் ஒரு சிரிப்பும்.

மொழியியல் படிக்கத் தொடங்க முதல் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சரிவரவில்லை. சிரிக்காமல் இருக்கிறதுக்குப் பட்டம் தேவையில்லை.

*

இரண்டு நாள் கழித்து அவளுக்கு மெசேஜ் போட்டேன். இங்கிலீஷில்தான் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். நீளமாக எழுதி, அழித்து, மூன்று வரியாக அனுப்பினேன். பரவாயில்லை என்று சின்னப் பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: அன்று நான் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோட இருந்தேன், ரை கழட்டவில்லை என்று. எனக்கு நாளே மறந்திருந்தது. அவளுக்கு என் ரை வரைக்கும் நினைவு.

அதுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல், உண்மையிலேயே எனக்குத் தேவையான ஒன்றைக் கேட்டேன். “இந்த மெசின் இங்கிலீஷ் ஒலிதான் விளங்கும். எனக்கு இங்கிலீஷ் காது இல்லை. உதவி செய்வியா?”

அவள் வெறும் எழுத்தாகத்தான் பதில் போட்டாள். எந்த இங்கிலீஷ் சொல்லில் எந்த உயிர் வருகிறது, எதைப் போட்டால் ‘ஆ’ நீளும், எது ‘ஏ’ போலக் கேட்கும். நான் பதிவுசெய்து அனுப்புவேன், அவள் அதைக் கேட்டுத் திருத்துவாள். ஒரு கிழமை அப்படிப் போனது. பள்ளிக்கூட விடுமுறை அவளுக்கு. எனக்கு இரவு, அவளுக்குப் பகல்.

அந்தக் கிழமையில் இரண்டு விஷயம் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொல்லக்கூடாது, புத்தகங்களில் இருக்கிறதுதான். ஆனால் விரலால் கண்டுபிடிக்கிறது வேற.

முதலாவது ‘பற்றை’. எங்கட ஊரில் ற்ற என்பதை வாசிக்கும்போது நாக்கு பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் தட்டும். த்த போலப் பல்லிலும் இல்லை, ட்ட போல வளைந்தும் இல்லை. இங்கிலீஷ்காரர் ‘ரீ’ குடிக்கிறேன், ‘ரைம்’ பார்க்கிறேன் என்று சொல்லும்போது தொடுவதும் அதே மேட்டைத்தான். அதனால்தான் எங்கட ஆக்கள் பற்றறி, இன்ரநெற் என்று எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இணையத்தில் அதைப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள், காதுக்கு நாங்கள்தான் கிட்ட. கொல்ஃப் விளையாட்டில் பந்தை மெல்லத் தட்டுவதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது, அதை முதல் அசைக்குப் போடச் சொன்னாள் சின்னவள். கழுத்தில் கட்டுகிற ரையை இரண்டாம் அசைக்குப் போடச் சொன்னாள். இரண்டையும் சேர்த்து அமத்தினேன். “பற்றை.” அம்மம்மா முற்றத்தில் இருந்து, “எந்தப் பற்றை? பாம்போ?” என்று கேட்டா. ஒருதரும் சிரிக்கச் சொல்லாமலே சிரித்தோம்.

இரண்டாவது ‘பழம்’. நான் ல போட்டுப் பார்த்தேன், “பலம்” என்றது. ழ வராது, விடுவோம் என்று எழுதினேன். அவளிடம் இருந்து முதல் தரம் ஒரு குரல் பதிவு வந்தது. ஏழு செக்கன். “பழம்” என்று இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

திருப்பித் திருப்பிக் கேட்டேன். சுத்தமான ழ. புத்தகத்தில் படம் போட்டிருக்கிற ழ.

அவள் சொன்ன விளக்கம் இது: பூனை சந்தோசத்தில் உறுமுகிறதுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கு, அதின் கடைசி ஒலியைப் போடுங்கோ. கனடா, அமெரிக்கா ஆக்கள் ‘கார்’ என்று சொல்லும்போது கடைசியில் நாக்கு எங்கேயும் தொடாமல் உள்ளுக்குச் சுருண்டு நிற்கும், அல்லது நடுவில் குவிந்து நிற்கும். ழ-வுக்கும் நாக்கு எங்கேயும் தொடாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. போட்டேன். மெசின் “பழம்” என்றது.

பிறகு நானும் சொல்லிப் பதிவுசெய்து அவளுக்கு அனுப்பினேன். பெருமையாகத்தான் அனுப்பினேன். பதில் பதிவு வந்தது, இந்த முறை சிரிப்போட.

“மச்சாள், அது ‘பளம்’. திருப்பிச் சொல்லுங்கோ.”

உண்மை. எங்கட பேச்சில் ழ இல்லை. எழுத்தில் ழ போடுவோம், வாயில் ள வரும். பளம், வாளைப்பளம், மளை. நானும் அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான், ரியூசனில் நான் தமிழ் சொல்லிக்குடுக்கிற பிள்ளைகளும் அப்படித்தான். மேடையில் பேசும்போது மட்டும் கவனமாகச் சொல்லுவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, தமிழைப் பாடமாகவும் எடுத்த நான், ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளையிடம் ‘பழம்’ சொல்லப் பழகினேன். மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தாள். மூன்றாம் தரம் சரி என்றாள். பழி வாங்கினாளா என்று கேட்டேன், கொஞ்சம் என்றாள்.

இதை வைத்து அவளுடைய தமிழ்தான் நல்ல தமிழ், எங்களுடையது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அவளுக்கு ண வராது, எனக்கு ழ வராது, மெசினுக்கு இரண்டில் ஒன்று வரும். ஆருக்கு எது வராது என்பது பிறந்த இடமும் கேட்ட காதும் சேர்ந்து தீர்மானித்தது. ஆனால் எனக்கு ழ வராததைப் பார்த்து என்னை ஒருதரும் சித்தியின் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. எங்கட ஊரில் எல்லாருக்கும் வராதபடியால் அது பிழை இல்லை, பேச்சுவழக்கு. அவளுக்கு வராதது மட்டும் பகிடி. இந்த வித்தியாசம் ஒலியில் இல்லை, ஆர் கூடப்பேர் என்பதில்தான் இருக்கிறது.

*

மெசினைப் பற்றி இன்னும் ஒன்று. அந்தச் செயலியில் பத்து செக்கனுக்குள் இருக்கிற ஒரு ஒலிப்பதிவை ஏற்றி, அதில் இருந்து புதுக் குரல் செய்யலாம். அம்மம்மாவை “ம்ம்ம்” என்று இழுக்கச் சொல்லிப் பதிந்தேன். அதையே குரலாக வைத்துப் பாடவைத்தேன். ஒரு வயதுபோன தன்மை வந்தது, ஆனால் அம்மம்மா இல்லை. எனக்கு என்னமோ செய்தது. அம்மம்மா கேட்க முதல் அழித்துவிட்டேன். அம்மம்மா உள்ளேதானே இருக்கிறா, கூப்பிட்டால் கதைப்பா.

வாங்கலாமா என்று கேட்டால்: வெறும் கீபோர்ட் பழகத்தான் தேவை என்றால் இதைவிடக் குறைந்த விலையில் போதுமானது கிடைக்கும், இரண்டாம் கையாகப் பார்த்தாலும் சரி. தமிழ்ப் பாட்டுப் பாடும் என்று நினைத்து வாங்க வேண்டாம், பாடாது. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் மினக்கெட வேணும், அதிலும் பாதி வராது. வயர், போன், செயலி எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று முதலே பாருங்கோ. மினக்கெடுவது பிடிச்ச ஆக்களுக்கு மட்டும் சொல்லுவேன்: உங்கட வாயை நீங்களே கேட்க இதைப் போல ஒரு சாமான் இல்லை. அம்மா கேட்ட “பிறகென்னத்துக்கு?” என்ற கேள்விக்கு என்னிடம் இப்ப இருக்கிற பதில் அதுதான். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது கிழமையில் இரண்டு நாள் நாலு பிள்ளைகள் கீபோர்ட் பழக வருகிறார்கள், அம்மாவின் சீட்டுக்காசு மெல்ல மெல்லத் திரும்புகிறது. அவவுக்கு அந்தப் பதிலே போதும்.

மாமா திரும்பிப் போய்விட்டார். கூரைக்கு ஓடு மாற்றியாச்சு.

போன ஞாயிறு கோல் வந்தது. மாமா என்று நினைத்து எடுத்தேன், சின்னவள். அம்மம்மாவிடம் குடுக்கச் சொன்னாள். ஃபோனை அம்மம்மாவின் காதடியில் பிடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டது.

“அம்மம்மா, தன்னி குடிச்சீங்களா?”

நான் ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துவிடாதேங்கோ என்று கண்ணால் சொன்னேன். அம்மம்மாவுக்கு அது விளங்கினதோ தெரியாது.

“குடிச்சனான் பிள்ளை,” என்றா. “நீ குடிச்சியோ?”